பதினான்கு பேர் போகிறோம், எனக்கு மட்டும் பயம்

ரத்த வங்கியில் 28 வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்தப் பகுதிக்கு வழக்கமாக சுகர் ரிப்போர்ட், தைராய்டு ரிப்போர்ட் என்றுதான் கடிதம் வரும். இந்த முறை தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்ததில் பாதிக்கு மேல் ரத்த தானம். அக்டோபர் 1, தேசிய தன்னார்வ ரத்த தான நாள் நெருங்குகிறது அல்லவா, ஆபீஸ் ஆபீஸாகப் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்கள் போல. சுகர்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

தர்மபுரியில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வயது 26. எங்கள் கிளையில் 14 பேர் சேர்ந்து வரும் வெள்ளிக்கிழமை ரத்தம் கொடுக்கப் போகிறோம். எல்லோருக்கும் இதுதான் முதல் தடவை. மேனேஜர் பட்டியல் போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பிவிட்டார்; என் பெயர் 3வது. ஊசியைப் பார்த்தாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும். மயங்கி விழுந்தால் காலத்துக்கும் கிண்டல் செய்வார்கள். என்ன செய்ய?
*பெயர் வேண்டாம், தர்மபுரி*

தம்பி, 3வது நல்ல இடம். முதல் ஆளை எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். கடைசி ஆள் ஒன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பயத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருப்பார். உங்களுக்கு இரண்டு தொல்லையும் இல்லை.

ஊசியைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். 'எறும்பு கடிச்ச மாதிரிதான்' என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது எறும்பு இல்லை. 16ஆம் நம்பர் ஊசி, காய்ச்சலுக்குப் போடுவதைவிட நல்ல தடிமன். ரத்த அணுக்கள் சிதையாமல், உறைவதற்குள் வேகமாக வந்துவிட வேண்டும் என்பதற்காக அந்த அளவு. குத்தும்போது சுருக்கென்று இருக்கும், தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். ஏறிய பிறகு பெரிதாக வலிக்காது. அப்படியும் விண்ணென்று தெறித்தால், பக்கத்துக் கட்டிலில் மேனேஜர் படுத்திருக்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம். உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பைக்குப் போகும் குழாயை முன்கையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டுவோம். கொஞ்ச நேரத்தில் குழாய் படுகிற இடம் மட்டும் வெதுவெதுவென்று ஆகும், யாரோ விரல் வைத்திருக்கிற மாதிரி. ரத்தம் வெளியே கசிகிறதோ என்று பதறிக் கையை இழுத்தவர்கள் உண்டு. ஒன்றும் கசியவில்லை, அது உங்கள் ரத்தத்தின் சூடு. கீழே ஒரு சின்ன இயந்திரத் தட்டில் பை தொட்டில் போல ஆடிக்கொண்டிருக்கும். உறையாமல் தடுக்கும் திரவம் பைக்குள் முதலிலேயே இருக்கிறது, அதோடு ரத்தம் கலப்பதற்கான ஆட்டம் அது. 350 மில்லி நிறைய ஐந்திலிருந்து பத்து நிமிஷம். எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லி எடுப்பதும் உண்டு.

மயக்கத்துக்கு வருவோம். பெரும்பாலும் அது ரத்தம் குறைந்து வருவதில்லை. பயத்திலும் பதற்றத்திலும் ஒரு நரம்பு முடுக்கப்பட்டு, நாடி மெதுவாகி, பிரஷர் இறங்கிவிடும். மூளைக்கு ரத்தம் போவது ஒரு கணம் குறையும். ஊசி குத்துவதற்கு முன்பே சாய்ந்த ஆறடி ஆட்களை நான் தாங்கிப் பிடித்திருக்கிறேன். இள வயது, முதல் தடவை, எடை குறைவு, வெறும் வயிறு. இவர்களுக்குத்தான் அதிகம் வரும். அதனால் காலையில் இட்லியோ களியோ வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். போவதற்கு அரை மணி முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். படுத்திருக்கும்போது கால்களைப் பின்னிக்கொண்டு தொடையையும் வயிற்றையும் இறுக்குங்கள், விடுங்கள், மறுபடி இறுக்குங்கள். போர்வைக்குள் செய்தால் யாருக்கும் தெரியாது. பிரஷர் இறங்காமல் பிடித்துக்கொள்ள இது நிஜமாகவே உதவும்.

கூட்டமாகப் போவதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒருவர் சாய்ந்தால் பார்த்துக்கொண்டிருக்கிற அடுத்தவரும் சாய்வார். ஒரு முகாமில் ஒரு கல்லூரிப் பையன் விழுந்ததும் வரிசையில் நின்ற மூன்று பேர் சுவரில் சாய்ந்துவிட்டார்கள், ஒருத்தருக்கும் இன்னும் பெயர்கூடப் பதியவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் கட்டிலுக்கு நடுவில் பழைய பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டினோம். உங்கள் இடத்திலும் திரை கேளுங்கள், மேனேஜர் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

இவ்வளவும் கட்டில் சமாச்சாரம். கட்டிலுக்கு முன்னால் ஒரு மேஜை இருக்கும், எனக்கு அதுதான் பெரிசு. ஒரு படிவம் தருவார்கள். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, மஞ்சள் காமாலை வந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று தொடங்கி, வீட்டில்கூடச் சொல்ல முடியாத கேள்விகள் வரை அதில் இருக்கும். 14 பேர் ஒரே மேஜையைச் சுற்றி நின்று, ஒரே பேனாவில், ஒருத்தர் படிவத்தைப் பார்த்து இன்னொருத்தர் 'இல்லை, இல்லை, இல்லை' என்று டிக் அடிப்பதை வருஷக் கணக்காகப் பார்த்தவள் நான். மலேரியா வந்து மூன்று மாதம், டெங்கு வந்து ஆறு மாதம், டைபாய்டு வந்து ஒரு வருஷம் ஆகாதவர் கொடுக்கக் கூடாது. அதைச் சொன்னால் 'பயந்துட்டான்டா' என்பார்களே என்று மறைக்கிறார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு பையையும் சோதிக்கிறோம், உண்மைதான். ஆனால் தொற்று வந்த ஆரம்ப நாட்களில் எந்தச் சோதனையிலும் அது சிக்காது. அந்த இடைவெளியை அடைக்க உங்கள் வாய் ஒன்றுதான் இருக்கிறது.

ஆகவே படிவத்தைத் தனியாக உட்கார்ந்து நிரப்புங்கள். டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள். கொடுத்துவிட்டு வந்த பிறகு மனம் உறுத்தினாலும் போன் செய்து 'என் பையை யாருக்கும் ஏற்ற வேண்டாம்' என்று சொல்லலாம். எடுத்துத் தனியே வைத்துவிடுவார்கள், காரணம் கேட்டு யாரும் ஆபீஸுக்கு வர மாட்டார்கள். எச்.ஐ.வி. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவே ரத்தம் கொடுக்க வருகிறவர்களும் உண்டு. அதற்கு அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் இருக்கிறது, இலவசம், ரகசியம் காப்பார்கள்.

மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். 14 பேரும் ஒரே வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டுமென்று சட்டம் இல்லை. தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், 5 நாள்தான் இருக்கும், சிவப்பணுப் பை 35 நாள், சில பைகளில் 42 நாள். தலைவர் பிறந்தநாள்களில் பைகள் குவியும். மே மாதம் கல்லூரிகளும் லீவ், ஃபிரிட்ஜைத் திறந்தால் குளிர்காற்றுதான் வரும். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்வது அக்டோபர் 1 பார்த்தா கவிழ்கிறது? இப்போது ஏழு பேர், ஒன்றரை மாதம் கழித்து ஏழு பேர் என்று பிரித்தால் ரத்த வங்கிக்காரர்கள் உங்கள் கிளையைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். குரூப் போட்டோவில் ஏழு பேர்தான் இருப்பீர்கள், அதற்கு மேனேஜர் ஒப்புக்கொள்கிறாரா பாருங்கள்.

கிருஷ்ணகிரியில் தனியார் பள்ளி ஆசிரியை. எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒன்பது பேர் போனோம். விரலில் குத்திப் பார்த்துவிட்டு ஹீமோகுளோபின் 11.2 இருக்கிறது, எடுக்க முடியாது என்று என்னை மட்டும் அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் கட்டிலில் படுத்து செல்ஃபி எடுத்தார்கள், நான் அவர்களுக்கு ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது. எனக்கு ஒரு நோயும் இல்லை, நாள் தவறாமல் களி சாப்பிடுகிற உடம்பு.
*ஒரு வாசகி, கிருஷ்ணகிரி*

அழாதே கண்ணு. உன்னைத் திருப்பி அனுப்பிய ஆள் யாரென்று தெரியாது, ஆனால் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். 12.5 இருந்தால்தான் எடுக்கலாம், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே கணக்கு. மாதாமாதம் ரத்தம் போகிற நமக்கும் அதே அளவு வைத்தால் கட்டில் பக்கம் ஆண்கள்தான் அதிகம் இருப்பார்கள். அதில் அவமானம் எங்கிருந்து வந்தது?

எங்கள் காலத்தில் மீட்டர் கிடையாது. ஒரு சின்ன பீக்கரில் மயில்துத்தக் கரைசல், நீலமென்றால் அப்படி ஒரு நீலம். விரலில் குத்தி எடுத்த ரத்தத்தை மேலேயிருந்து ஒரு சொட்டு விடுவேன். ஹீமோகுளோபின் போதுமான அளவு இருந்தால் சொட்டு, குண்டுமணி மாதிரி உருண்டு நேராக அடிக்குப் போய்விடும். குறைவாக இருந்தால் பாதி வழியில் தயங்கி நிற்கும், சில சமயம் திரும்ப மேலே வரும். கரைசலின் அடர்த்தியை 1.053 என்று அதற்காகவே வைத்திருப்போம். சொட்டு மிதப்பதைப் பார்த்ததும், எதிரே உட்கார்ந்திருக்கிற பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் அடுத்த வார்த்தையைத் தேடுவேன். அத்தனை வருஷத்தில் அது மட்டும் எனக்குப் பழகவே இல்லை.

பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தாலே சோகை. ஆகவே, 'ரத்தம் கொடுக்க முடியலையே' என்பதை விடு, உன் ரத்தம் எங்கே போகிறது என்று பார். மாதவிலக்கில் அதிகமாகப் போகிறதா? எத்தனை நாள்? பூச்சி மாத்திரை கடைசியாக எப்போது போட்டாய்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, இரும்புச் சத்து மாத்திரை எழுதித் தந்தால் நடுவில் நிறுத்தாமல் மூன்று மாதம் சாப்பிடு. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. மாத்திரையும் டீயும் ஒரே நேரத்தில் வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் சாப்பாடு முடிந்த கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருக்கும், அதை ஒரு மணி நேரம் தள்ளிப் போடு. டீ இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது.

களி விஷயத்தில் நம் ஊரே உன்னைப் போலத்தான் நினைக்கிறது. கேழ்வரகின் பெருமை சுண்ணாம்புச் சத்தில். இரும்பு இருக்கிறதுதான், ஆனால் அதை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாது. கூட முருங்கைக்கீரை, சாப்பிடுகிறவளாக இருந்தால் வாரத்துக்கு இரண்டு தடவை ஆட்டு ஈரல், சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய். புளிப்பு இரும்பை உள்ளே இழுக்கும். அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் ஆண்ட சீமையில் இருந்துகொண்டு நெல்லிக்காயை நான் சிபாரிசு செய்ய வேண்டியிருக்கிறது! மூன்று மாதம் கழித்து மறுபடி விரலை நீட்டு. 12.5 வந்தால் எனக்கு ஒரு கார்டு போடு.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். காலை 6 மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி வளாகத்திலேயே முகாம். செக்‌ஷன் ஆட்கள் எல்லோரும் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார் சூப்பர்வைசர். பஸ் ஓட்டுகிற அண்ணனும் பெயர் கொடுத்திருக்கிறார்.
*மூன்று நண்பர்கள், ஓசூர்*

கூடாது. இரவு முழுக்க விழித்தவரிடம் ரத்தம் எடுக்கக் கூடாது என்பது விதி. தூங்கி எழுந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் பகல் ஷிப்ட் வாரத்தில் வாருங்கள். பஸ் ஓட்டுகிற அண்ணன் கொடுத்தால் 24 மணி நேரம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அவர் பஸ்ஸில் நாற்பது பேர் தூங்கிக்கொண்டு வருவீர்கள் என்பதைச் சூப்பர்வைசருக்கு நினைவூட்டுங்கள். 'கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்' என்கிற பேச்சே தப்பு. கேட்டு வாங்கலாம், கட்டாயப்படுத்தி வாங்கினால் அதற்குப் பெயர் தானம் கிடையாது. மேஜையில் இருக்கும் டாக்டரிடம் 'எனக்கு இன்று வேண்டாம்' என்று மெதுவாகச் சொன்னாலே போதும், ஏதாவது காரணம் எழுதி அனுப்பிவிடுவார். நானே எத்தனையோ பேருக்கு 'பிரஷர் அதிகம்' என்று சத்தமாகச் சொல்லி வழியனுப்பியிருக்கிறேன்.

நாங்கள் சும்மா கொடுக்கிறோம், மருத்துவமனையில் அதே ரத்தத்துக்குப் பில் போடுகிறார்களே? இதற்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?
*ஒரு வாசகர், ஊத்தங்கரை*

கோபம் நியாயம். ரத்தத்துக்கு விலை வைக்கக் கூடாது. ஒரு காலத்தில் காசுக்கு ரத்தம் விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் அது அடியோடு தடை. இப்போது வாங்கக்கூடியது பை, ஐந்து சோதனைகள், பிரித்தெடுப்பது, குளிரில் வைப்பது ஆகியவற்றுக்கான கட்டணம் மட்டும்தான். அதற்கும் உச்சவரம்பு உண்டு. உங்கள் பை ஒன்று சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று மூன்றாகப் பிரியும். பிளாஸ்மாவை மைனஸ் 30 டிகிரியில் ஒரு வருஷம் வைக்கலாம். பிரசவத்தில் ரத்தம் கொட்டியவளுக்கு ஒன்று, டெங்குக் குழந்தைக்கு ஒன்று என்று போகும். கட்டணத்துக்கு மேல் யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது என்ற சொல்லுக்கே பாதி பேர் இறங்கி வந்துவிடுவார்கள்.

ரத்தம் கொடுத்தால் உடம்பு தேய்ந்துவிடும், கல்யாணம் ஆக வேண்டிய பையன் என்று அம்மா தடுக்கிறார்.
*ஒரு வாசகர், பாலக்கோடு*

அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். உங்கள் உடம்பில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம். எடுப்பது 350 மில்லி. போன நீர் ஒன்றிரண்டு நாளில் ஊறிவிடும், சிவப்பணு சேரச் சில வாரம், இரும்புச் சத்துக்கு இன்னும் கொஞ்சம். அதனால்தான் ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி. இதெல்லாம் அம்மாவிடம் எடுபடாது, எனக்குத் தெரியும். முகாமுக்கு அவரையும் கூட்டிப் போய் உட்கார வையுங்கள்.

டாட்டூ குத்தி நான்கு மாதம். கொடுக்கலாமா? சுகர் மாத்திரை சாப்பிடும் என் அண்ணன்? மாதவிலக்கு நாளில்? முந்தின நாள் இரவு கொஞ்சம் குடித்திருந்தால்?
*ஒரே கார்டில் நான்கு கேள்வி, காரிமங்கலம்*

டாட்டூவுக்கு 12 மாதம் ஆக வேண்டும், காது குத்தினாலும் அப்படித்தான். அண்ணன் இன்சுலின் போடாதவர், சுகர் கட்டுக்குள் இருக்கிறது, நான்கு வாரமாக மாத்திரை மாறவில்லை என்றால் கொடுக்கலாம். மாதவிலக்கு நாளில் வேண்டாம். நான்காவது கேள்வி யாருக்கு என்று எழுதவில்லை. யாராக இருந்தாலும் வேறொரு நாள் வரச் சொல்லுங்கள்.

அக்கா, நீங்கள் எத்தனை முறை ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள்?
*கல்லூரி மாணவி, அரூர்*

ஒரே ஒரு முறை, அதுவும் திருட்டுத்தனமாக.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். அப்போது நான் இருந்த இடத்தில் லேப் ஆட்கள் ஆறு பேரும் சேர்ந்து கொடுப்பது என்று முடிவானது. ஊருக்கெல்லாம் சொல்கிற நாமே கொடுக்காவிட்டால் எப்படி என்று பேச்சு. நான் 42 கிலோ. 45 வேண்டும். கிலோவுக்கு 8 மில்லிதான் எடுக்கலாம் என்ற கணக்கை அடுத்தவர்களுக்கு மூச்சு விடாமல் ஒப்பிப்பவள் நான். 42 எட்டு 336, பையோ 350. தெரிந்தும் என்ன செய்தேன் தெரியுமா? டிபன் டப்பா, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், ஸ்டோர் ரூம் சாவிக்கொத்து எல்லாம் இருந்த கைப்பையைத் தோளில் மாட்டியபடியே தராசில் ஏறினேன். முள் 45ஐத் தொட்டது. எழுதிக்கொண்டது என் தோழி, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம், வரிசை போய்விடும் என்று சாப்பிடவும் இல்லை. வயிற்றில் இருக்க வேண்டிய சோறு தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

கட்டிலில் ஒன்றும் ஆகவில்லை. எழுந்து ஜம்பமாக வேலையும் பார்த்தேன். சாயங்காலம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பென்னாகரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது காதுக்குள் இரைச்சல், எதிரே இருந்த போர்டு எழுத்தெல்லாம் வெளுத்துக்கொண்டே போனது. கண் திறந்தபோது வேர்க்கடலை விற்கிற ஒரு அம்மா மடியில் என் தலை. கடலைக் கூடையைக் கவிழ்த்து என் காலை அதன் மேல் தூக்கி வைத்திருந்தார், எந்தப் பாடத்தில் படித்தாரோ. வீட்டு அட்ரஸ் தேட என் பையைத் திறந்தவர் கையில் டிபன் டப்பா தட்டுப்பட்டது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என் கன்னத்தில் ஒரு தட்டு தட்டினார்.

"பை நெறையச் சோத்த வெச்சுக்கிட்டு பட்டினியாக் கெடக்குறியே கண்ணு, வாயத் தொற."

புளிச்சோறு. கடலைத் தோல் ஒட்டிய கையால் உருட்டி உருட்டிக் கொடுத்தார்.